தேசிங்கின் சிரிப்பு ஷாட்

உயிரோடிருப்பவன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. என்றைக்காவது அவன் சறுக்கி விழுவான், நாம் ஓரமாக நின்று பார்த்துச் சந்தோஷப்படலாம். செத்தவன் மேல் பொறாமைப்பட்டால் அதற்கும் வழியில்லை. கோதண்டத்துக்கு வாய்த்தது இந்த இரண்டாவது வகை.

சேதி வந்தபோது அவர் மேக்கப் நாற்காலியில் இருந்தார். இடது கன்னத்தில் அழுகின சதை ஒட்டியாகிவிட்டது, வலது கன்னம் பாக்கி. டைரக்டர் நிவேதன் உள்ளே வந்து, கண்ணாடியில் தெரிந்த கோதண்டத்தைப் பார்த்துப் பேசினான். நேரே பார்த்துச் சொல்லத் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது.

"அண்ணே, ஒரு சின்ன மாற்றம். முதல் ஜாம்பி ரோலுக்கு வேற ஆள் வர்றாரு."

"யாரு?"

"தேசிங்கு."

கோதண்டம் சிரித்துவிட்டார். "தம்பி, தேசிங்கு செத்து ஒரு வாரம் ஆச்சு. நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன்."

"ஆமாண்ணே," என்றான் நிவேதன். "அதனாலதான்."

மாலை வாங்கிக்கொண்டு போனது உண்மை. ஆனால் போன இடத்தில் உடல் இல்லை. மாரடைப்பு வந்து மூச்சு நின்ற கொஞ்ச நேரத்திலேயே 'மீள்நடை' கம்பெனியின் குளிர்சாதன வண்டி வந்து தேசிங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கோதண்டம் மாலையைப் போட்டோவுக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பினார். அந்தக் கம்பெனியைப் பற்றி ஊருக்கே தெரியும். செத்தவர்களை நடக்க வைத்து வேலைக்கு அனுப்புவார்கள். ஊருக்கு வெளியே கிடங்குகளில் மூட்டை தூக்க, ஆள் இறங்கக் கூடாத தொட்டிகளில் இறங்க. குடும்பத்துக்கு வாடகை வரும். ஏழை வீடுகளில் சாவு விழுந்தால் சங்கு ஊதுகிறவன் வருவதற்கு முன்னால் அந்த வண்டி வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. சினிமாவுக்கு ஓர் ஆள் அங்கிருந்து வருவது மட்டும் இதுதான் முதல் தடவை.

"செத்தவனாவே நடிக்க செத்தவனே வரான்னா, எனக்கு இங்க இன்னா வேலை?" என்றார் கோதண்டம். ஒட்டின அழுகலைக் கையாலேயே பிய்த்துப் போட்டார். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"உங்களுக்கும் வேலை இருக்குண்ணே. கோவிச்சுக்காதீங்க," என்றான் நிவேதன்.

கோதண்டத்தின் கோபம் புரிய வேண்டுமானால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் பிணமாக நடிப்பவர். அது சுலபம் என்று நினைக்கிறவர்கள், மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசும் வைத்துக்கொண்டு, சூடான விளக்குகளுக்குக் கீழே, மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்திருக்க, கதாநாயகி அழுது முடிக்கும்வரை ஒருமுறை படுத்துப் பார்க்கட்டும். இந்த வேலையில் கோடம்பாக்கத்துக்கு இரண்டே பேர்தான். ஒருவர் கோதண்டம். இன்னொருவன் தேசிங்கு. தேசிங்கை 'அவர்' என்று சொல்லக் கோதண்டத்துக்கு நாக்கு வராது, ஆகையால் நாமும் அவன் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் தொழிலுக்கு வந்தவர்கள். படுப்பதில் தேசிங்கு கெட்டிக்காரன். அவன் படுத்தால் வயிறு அசையாது, இமை துடிக்காது, பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிற நடிகைகள் நிஜமாகவே பயந்து அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்கள். பெரிய கதாநாயகனுக்கு அப்பாவாகச் சாக வேண்டுமென்றால் கூப்பிடுவது அவனைத்தான். கோதண்டத்துக்குக் கிடைப்பதெல்லாம் ஆற்றில் மிதக்கிற பிணம், குப்புறக் கிடக்கிற பிணம், முகம் தெரியாத பிணம். தேசிங்கின் வயிறு ஏன் அசைவதில்லை என்று முப்பது வருஷமாகப் பக்கத்துப் பாயில் படுத்து ஓரக்கண்ணால் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஜாம்பிப் படங்கள் வரத் தொடங்கின. பிணம் நடக்க வேண்டும் என்றார்கள். கோதண்டத்துக்கு விடிவு பிறந்தது. ஒரு காலை இழுத்து, முழங்காலைக் கொஞ்சம் தாமதமாக மடக்கி, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பது மாதிரி தலையைச் சாய்த்து ஒரு நடை கண்டுபிடித்தார். மொட்டை மாடியில் பழகுவார். துணி காயப்போட வந்த பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்த நடைக்காகத்தான் நிவேதன் அவரை முதல் ஜாம்பியாகப் போட்டான். போஸ்டரில் முகம் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தான். முப்பது வருஷத்தில் கோதண்டத்தின் முகம் எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு சுவர்தான். அதையும் தேசிங்கு செத்துவந்து பிடுங்கிக்கொண்டான்.

பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பொட்டலில் கல்லறை செட் போட்டிருந்தார்கள். வெயிலில் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் இரவாக்கிக்கொள்வது ஏற்பாடு. மறுநாள் காலை அங்கே வண்டி வந்து நின்றது. பின்கதவு திறந்து, கட்டம் போட்ட லுங்கியும் சட்டையுமாகத் தேசிங்கு இறங்கினான். லைட்மேன்கள் ஆளுக்கொரு பக்கமாக விலகி நின்றார்கள். முகம் வாழைக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. கழுத்தோரம் தையல். மற்றபடி கன்னமெல்லாம் உப்பி, செத்த பிறகு பயல் கொஞ்சம் லட்சணமாகக்கூட ஆகியிருந்தான். அதைப் பார்த்தும் கோதண்டத்துக்கு வயிறு எரிந்தது.

கூட வந்தவள் ஷெரின், கம்பெனி டெக்னீஷியன், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் ரிமோட் மாதிரி ஒரு பெட்டி. கோதண்டம் அவளிடம்தான் கேட்டார்.

"ஏம்மா, இவன் உள்ள இருக்கானா இல்லியா?"

"இல்ல சார். வீட்ல யாரும் இல்லாதப்பவும் மோட்டார் ஓடித் தொட்டியில தண்ணி ஏறுதில்ல, அது மாதிரி. ரத்தத்துக்குப் பதிலா ஒரு திரவம் ஓடுது. முதுகெலும்பு ஓரமா முடி கனத்துல கம்பி இருக்கு. நடக்கறது, திரும்பறது, பழகின வார்த்தை கேட்டா அசையறது, அந்தப் பழக்கமெல்லாம் கீழ் மூளையில இருக்கும். அதை மட்டும் ஓட்டறோம். நினைப்பு இருக்கிற மேல் மூளையை அணைச்சுடுவோம்."

"நீங்க அணைக்கிறீங்களா, அதுவே அணைஞ்சு போயிருக்கா?"

ஷெரின் பெட்டியைப் பார்த்தாள். "ரெண்டும்தான் சார். ஒரு விஷயம், உப்பு மட்டும் கிட்ட கொண்டு வராதீங்க. நாக்குல பட்டாக்கூட திரவம் கெட்டு, எங்க சிக்னல் அணைச்சு வச்ச இடத்துக்கெல்லாம் பாய்ஞ்சிடும்."

பக்கத்தில் நின்ற நிவேதன் துள்ளிக் குதித்தான். "உப்பா? ஜாம்பி கதையே அதுதாங்க! இந்தக் கடிக்கிறது, தொத்திக்கிறது எல்லாம் பின்னால சினிமாக்காரங்க சேர்த்த மசாலா. மூலக்கதையில கடல் நடுவுல ஒரு தீவு. கரும்புத் தோட்டம். மந்திரவாதி ஒருத்தன் செத்தவனை எழுப்பி வேலை வாங்குவான். அந்த ஜாம்பி பாவம், யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். தான் செத்ததே அவனுக்குத் தெரியாது. உப்பில்லாத கஞ்சிதான் ஊத்துவாங்க. தப்பித்தவறி உப்பு பட்டுச்சுன்னா ஞாபகம் வந்துடும். நேரா தன் குழியைத் தேடிப் போய்ப் படுத்துக்குவான்."

"நல்லாருக்கே. இத ஏன் படத்துல வைக்கல?"

"கமர்ஷியலா இருக்காதுண்ணே. நம்ம ஜாம்பி கடிக்கும்."

படப்பிடிப்பு தொடங்கியது. நிவேதன் "ஆக்‌ஷன்" என்றான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தேசிங்கின் தலை நிமிர்ந்தது. குழிக்குள்ளிருந்து ஏறி வந்தான், நடந்தான். வந்தவன் எல்லாரையும் போல, ஷூட்டிங் இடைவேளையில் டீக்கடைக்குப் போகிறவன் போல, கையை வீசிக்கொண்டு நடந்தான். அத்தனை பேர் முகமும் தொங்கிப்போனது. நிஜமான செத்தவனுக்கு ஜாம்பி மாதிரி நடக்கத் தெரியவில்லை. கோதண்டத்துக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளுமை நிலைக்கவில்லை. "கண்ணால பார்க்கிற அசைவை உடம்பு அப்படியே திருப்பிச் செய்யும்," என்றாள் ஷெரின். "யாராவது எதிர்ல நடந்து காட்டினா போதும்." நிவேதன் கோதண்டத்தைப் பார்த்தான். அவருக்கென்று வைத்திருந்த வேலை இதுதான்.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கோதண்டம் தன் நடையை நடந்து காட்டினார். எதிரே தேசிங்கு காலை இழுத்தான். இவர் முழங்காலைத் தாமதித்தால் அவனும் தாமதித்தான். தலையைச் சாய்த்தால் சாய்த்தான். மதியச் சாப்பாட்டுக்குள் மொட்டை மாடியில் பழகியது முழுக்க அவன் உடம்பில் ஏறிவிட்டது. மானிட்டரில் பார்த்த நிவேதன் "ஐயோ, என்ன நடைடா இது!" என்று தொடையில் அடித்துக்கொண்டான். அந்தப் பாராட்டு யாருக்கு என்று கேட்கக் கோதண்டத்துக்கு வெட்கமாக இருந்தது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் பேக்கப் சொன்னதும் ஒரு சச்சரவு கிளம்பியது. இந்தத் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பிணமாக நடித்தவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதைப் படமும் பிடிப்பார்கள். நான் சாகவில்லை, சும்மா நடித்தேன் என்று எமனுக்குச் சொல்லிவிடுகிற கணக்கு. சிரிப்பு ஷாட் என்று பெயர். அது எடுக்காமல் எந்த யூனிட்டும் விளக்கை அணைக்காது.

தேசிங்கின் சிரிப்பு அதில் பிரசித்தம். இடது கண்ணை மூடிக்கொண்டு, விழுந்துபோன பல்லின் சந்தில் நாக்கை நுழைத்து ஒரு சிரிப்பு. சிரித்த கையோடு, "டீ வந்துடுச்சா?" என்பான். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட மாற்றியதில்லை.

"சிரிப்பு ஷாட் எடுக்காம நாளைக்கு நாங்க வரமாட்டோம்," என்றார்கள் லைட்மேன்கள்.

"செத்தவருக்கு எதுக்குய்யா?" என்று நிவேதன் தலையில் அடித்துக்கொண்டான். "அவர் செத்துட்டார்னு எமனுக்கே தெரியுமே!"

புரொடக்‌ஷன் மேனேஜர் அனுபவஸ்தர். யூனிட் பயந்தால் வேலை நடக்காது என்று தெரிந்தவர். "எடுத்துட்டுப் போங்க தம்பி. கோதண்டம், நீ சொல்லு. உன் குரலு அவனுக்குப் பழக்கம்."

கோதண்டம் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். "டேய் தேசிங்கு. சிரிடா."

தேசிங்கு சிரித்தான். இடது கண் மூடியது. நாக்கு பல் சந்துக்குள் நுழைந்தது. வாய் மூன்று முறை குவிந்து விரிந்தது. நெஞ்சில் காற்று இல்லாததால் சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறான் என்று கோதண்டத்துக்குத் தெரியும். சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பி, டீ கேன் வைத்திருந்த மேசையைப் பார்த்தான்.

ஒருத்தன் ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். சிலர் கை தட்டினார்கள். கோதண்டம் அந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த மேசை அன்றைக்குத்தான் அங்கே போடப்பட்டது. பழைய பழக்கத்துக்கு அது எப்படித் தெரியும்? தேடியல்லவா பார்த்தான்!

ஷெரினை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மா, அவன் உள்ள இருக்கான்."

"பழக்கம் சார். முகத்துச் சதை."

"டீயைத் தேடினாம்மா."

"அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியிருக்கோம். உள்ளே உணர்வு இருந்தா நிறுத்தி ஒப்படைக்கணும்னு சட்டமே இருக்கு. ஊசி குத்தினோம், சத்தம் போட்டோம், பேர் சொல்லிக் கூப்பிட்டோம். உணர்வு இருக்கிறவங்க தவிப்பாங்க சார், ஏதாவது எதிர்ப்பு காட்டுவாங்க. இவர் துளிகூட அசையல."

"அவன் எப்படிம்மா அசைவான்?" கோதண்டத்தின் குரல் உயர்ந்துவிட்டது. "கட் சொல்லாம அசைஞ்சா டேக் போயிடுமே! ஈ கடிச்சாலும், எறும்பு ஏறினாலும், மேல விழுந்து அழுதாலும் அசையாத பய அவன். நீங்க என்ன குத்தினாலும் பல்லைக் கடிச்சிக்கினு கெடப்பான். அவன் நடிக்கிறதா நெனச்சிக்கினு இருக்காம்மா. ஏதோ நீளமான ஷாட்டு, எப்ப கட் சொல்லுவாங்கன்னு காத்துக்கினு இருக்கான்."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. அதற்குள் நிவேதன் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுக் கோதண்டத்தின் தோளில் கை போட்டான்.

"அண்ணே, தேசிங்கை நிறுத்திட்டா அந்த ரோல் யாருக்கு வரும்?"

கோதண்டம் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும் தெரியும்ணே. உங்களுக்கு அவர் மேல எப்பவுமே ஒரு இது."

அதற்குமேல் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது. பார்த்தது ஒரே ஆள், அந்த ஆளுக்கு வயிற்றெரிச்சல் என்பது ஊரறிந்த விஷயம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். நிஜமாகவே பார்த்தோமா, பொறாமைதான் அப்படிக் காட்டியதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. போஸ்டரை நினைத்தால் தேசிங்கு உள்ளே இருக்கிறான் என்று சத்தியம் பண்ணலாம் போலிருந்தது. அதனாலேயே அந்தச் சத்தியத்தை நம்ப முடியவில்லை.

விடிந்ததும் சாலிகிராமத்தில் தேசிங்கின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி அஞ்சுகம் இட்லிக் கடைக்காக மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். இவர் சொல்லச் சொல்லக் கை நிற்கவில்லை. சிரித்தான் என்றதும் நின்றது.

"எந்தக் கண்ண மூடினாரு?"

"இடது."

"நாக்கு?"

"பல்லு சந்துல. அப்புறம் டீ கேட்டான்."

அஞ்சுகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பைத்தியக்கார மனுஷன். செத்தும் டீயா." பிறகு நிமிர்ந்தாள். "உள்ள ஒண்ணுமே இருக்காதுன்னு எங்கிட்ட சொன்னாங்கணா. வெறும் உடம்புதான், சட்டையக் கழட்டிப் போட்ட மாதிரின்னாங்க. அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். வாய்க்கரிசி போடக்கூட உடல. இப்ப நான் நிறுத்துன்னா நிறுத்துவானா? ஆறு மாசத்துக்கு எழுதி வாங்கிட்டான்."

"உப்பு பட்டா முழிச்சிக்குவானாம்," என்றார் கோதண்டம் மெதுவாக. "தன் குழியைத் தேடிப் போயிடுவான்னு அந்த டைரக்டரு ஒரு கதை சொன்னான்."

அவள் அவரையே பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இவரு போய்ச் சேரணும்னு வந்தியா, இவரு போனா உனக்கு வேஷம் வரும்னு வந்தியா?"

"தெரியல அஞ்சுகம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கு. பிரிச்சுப் பாக்க வரல."

அவள் எழுந்து உள்ளே போனாள். கல்லுப்பும் ஒரு பிடி அரிசியும் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "முப்பது வருஷமா அவரு மேல இருந்தது உன் கண்ணுதான். ஒவ்வொரு படம் வந்தப்பவும் நான் சுத்திப் போட்டது உன்ன நெனச்சித்தான். இந்தத் தடவ நீயே சுத்திப் போட்டுடு."

அன்றைக்கு முக்கியமான ஷாட். முதல் ஜாம்பி குழியிலிருந்து எழுந்து கேமராவை நோக்கி வர வேண்டும். பொட்டலம் கோதண்டத்தின் வேட்டி மடிப்பில் இருந்தது. முந்தின நாள் போலவே கேமராவுக்குப் பக்கத்தில் பின்னோக்கி நடந்து காட்டினார். தேசிங்கு அவருடைய நடையில், அவரைவிட நன்றாக, வந்துகொண்டிருந்தான். இப்படியே விட்டுவிட்டால் இந்த நடை பெரிய திரையில் வரும். ஊரே வாய் பிளக்கும். தேசிங்கின் நடை என்பார்கள். அந்த நினைப்பு வந்த நொடியில்தான் கோதண்டத்தின் கை மடிப்புக்குள் போனது. இதை மறைத்துச் சொல்வதில் புண்ணியமில்லை, அவர் கையை நகர்த்தியது அதுதான்.

அவர் ஃபிரேமுக்குள் நுழைந்தார். "அண்ணே, ஃபீல்டு! கேமராவுல வர்றீங்க!" என்று யாரோ கத்தினார்கள். தேசிங்கு நின்றான். கோதண்டம் உப்பைக் கையில் மூடி அவன் தலையை மூன்று முறை சுற்றினார். இவ்வளவு கிட்டத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்தது எப்போது என்று ஞாபகமில்லை. இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்துத்தான் பார்த்திருக்கிறார். கண்கள் கோதண்டத்தின் மேல் இருந்தன. அசங்காமல், பொறுமையாக, கட் என்ற சொல்லுக்காக.

பொறாமை எங்கே போயிற்றோ, அந்த நேரத்தில் காணோம்.

ஒரு கல்லுப்பை எடுத்து அவன் நாக்கில் வைத்தார். "தேசிங்கு. பேக்கப்டா. இது ஷாட் இல்லடா. நீ போயிட்டே."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தேசிங்கு டீ மேசைப் பக்கம் பார்த்தான். பிறகு நாக்கு அசைந்தது. புருவம் சுருங்கியது. கையைத் தூக்கிக் கழுத்துத் தையலைத் தொட்டுப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் எதையோ தேடினான். கோதண்டத்தைப் பார்த்த பார்வை, டேக்கைக் கெடுத்தவனைப் பார்க்கிற பார்வைதான். மெல்ல அதுவும் தணிந்தது.

"ஷெரின், பிடிங்க அவரை! நிறுத்துங்க!" என்று நிவேதன் கத்தினான்.

ஷெரினின் கட்டைவிரல் பெட்டியின் பொத்தான் மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் கால் மடங்கி நின்றுவிடுவான். அவள் தேசிங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் பொத்தானை விட்டு விலகியது.

தேசிங்கு திரும்பி நடந்தான். கோதண்டத்தின் நடை அதில் இல்லை. கையை வீசிக்கொண்டு, டீக்கடைக்குப் போகிற அவனுடைய சொந்த நடையில் போனான். செட்டுக்காக வெட்டின குழிதான், அட்டையில் செய்த சிலுவைகளுக்கு நடுவில். ஓரத்தில் உட்கார்ந்து, இறங்கி, படுத்தான். காலை நீட்டினான். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கோதண்டம் குழிக்குள் இறங்கினார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். அஞ்சுகம் கொடுத்த அரிசியை வாயில் போட்டார். தேசிங்கு கண்ணை மூடினான்.

அத்தனை பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். கோதண்டம் அவன் வயிற்றைப் பார்த்தார். அசையவில்லை. இமையைப் பார்த்தார். துடிக்கவில்லை. பாவி, இதையும் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டானே என்று நினைத்ததும் அவருக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் கோதண்டம்தான் சொன்னார்.

"கட்."

ஷெரின் கம்பெனிக்கு என்ன எழுதினாளோ, அந்தச் சாயங்காலமே உடலை அஞ்சுகத்திடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கோதண்டமும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். ஊர் பேசாமல் இருக்குமா? ரோலுக்காகச் செத்தவனையே கொன்ற ஆள் என்று ஸ்டுடியோ வாசலில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுக்க அவரிடம் முழு நியாயமும் இல்லை.

ரோல் வந்தது. ஆனால் தேசிங்கை வைத்து முக்கியமான காட்சிகளை எடுத்தாகிவிட்டதே. குழியில் இறங்கிப் படுத்த அந்தக் காட்சியை உச்சக்கட்டமாக வைப்பது என்று நிவேதன் முடிவு செய்துவிட்டான். ஜாம்பி கடிக்கிற கதையை மாற்றிவிட்டான். பாக்கி நடைக் காட்சிகளுக்கு முகம் பொருந்த வேண்டும். எடுத்திருந்த காட்சிகளைப் பார்த்து, தேசிங்கின் முகத்தை அச்சு அசலாக ரப்பரில் ஒரு மாஸ்க் செய்தார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் கோதண்டம் நடந்தார். போஸ்டர் அடித்தார்கள். ஊர்ச் சுவரெல்லாம் தேசிங்கு, கோதண்டத்தின் நடையில், தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

கடைசி நாள், கடைசி ஷாட். கோதண்டம் மாஸ்க்கோடு கீழே விழுந்து கிடந்தார். கட் சொன்னார்கள். விளக்குகள் அணையவில்லை.

"கோதண்டண்ணே, சிரிப்பு ஷாட்," என்றான் உதவி டைரக்டர். "மாஸ்க்கைக் கழட்டிடுங்க."

அவர் கழற்றவில்லை. எழுந்திருக்கவுமில்லை. ரப்பருக்குள்ளே இருட்டாக, சூடாக இருந்தது. கட் என்றது நிஜமாகவே காதில் விழுந்ததா, இன்னும் ஷாட் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. கண்ணிலிருந்து ஒரு கோடு இறங்கி உதட்டுக்கு வந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தார். கரித்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார். கால் தன்பாட்டில் எந்தக் குழியையும் தேடிப் போகவில்லை.

எழுந்து உட்கார்ந்தார். மாஸ்க் ஓட்டைக்குள் இடது கண்ணை மூடிக்கொண்டு, விழாத பல்லின் மேல் நாக்கை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"டீ வந்துடுச்சா?" என்று கேட்டார்.